கைமாறி வரும் செம்புத்துண்டு

முதல் வரிசையிலேயே அது நெடுநேரம் நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருக்கும் பரிசோதகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தச் செம்புத்துண்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்கிறார், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், அவர் கண்ணிலேயே பட்டுத் தொலைத்துவிட்டால் நான் வாய் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தேன், நினைத்த உடனே என்மேல் எனக்கே அருவருப்பாக வந்தது, ஏனென்றால் அவர் கண்ணில் பட்டால் மாட்டப்போவது நான் இல்லை, மேடையில் நிற்கிற இசக்கிராஜா. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புகூடக் கலையாத நீலச் சட்டை. காலரில் குத்தியிருக்கும் சின்ன மைக் அவன் எச்சில் விழுங்குவதைக்கூட அரங்கம் முழுக்கச் சொல்கிறது. "இதுதான் நாங்க சோதனை பண்ணுன செம்புக் கட்டி. இன்னைக்குக் காலையிலதான் வொர்க்‌ஷாப்ல குடுத்து நெடுக்கா அறுத்து வாங்குனேன். உள்ள இருக்கிற சந்தெல்லாம் எவ்வளவு சின்னதுன்னு படத்துல காட்டினா தெரியாது, கையில வாங்கிப் பாருங்க, பாத்துட்டு அப்படியே பின்னால குடுத்துருங்க" என்று சொல்லிப் பாதித் துண்டை முதல் வரிசையில் கொடுத்துவிட்டான். கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவன் முகம். அது இனி ஒவ்வொரு கையாகத் தாண்டி என்னிடம் வரும், நான் ஐந்தாவது வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன், வராமல் போக வழியில்லை. எழுந்து வெளியே போய்விடலாம். கழிப்பறைக்குப் போவதுபோல. இரண்டு பேர் காலை மடக்கவேண்டும், பக்கத்தில் இருக்கிற பூரணி நோட்டை எடுக்கவேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவன் மேடையிலிருந்து பார்ப்பான், அக்கா ஏன் போறாங்க என்று நினைப்பான். உட்கார்ந்தே இருக்கிறேன்.

ஏசியை யார் இவ்வளவு குறைத்து வைத்தார்கள், விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது, ஆனாலும் முன்னால் இருக்கிற தண்ணீர் பாட்டில் வெளியே வியர்த்திருக்கிறது, ஒரு துளி பக்கத்துத் துளியைச் சேர்த்துக்கொண்டு சட்டென்று கீழே ஓடுகிறது, ஓடிய தடம் வெறுமையாகக் கிடக்கிறது, அதில் மறுபடி பொடிப்பொடியாக நீர் கோக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறவள் நான். ஆவி சுவரில் பட்டுத் தண்ணீராகும்போது எவ்வளவு சூட்டை விட்டுப்போகிறது என்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் மொத்தப் பிழைப்பும். அதிலும் நாங்கள் பார்ப்பது முடி நுழைகிற அளவுச் சந்துகளுக்குள். இசக்கி அதைச் செம்பில் செய்து உண்மையான ஆவியை விட்டு அளக்கிறான், நான் அதே சந்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டங்கட்டமாக நறுக்கிக் கணக்குப் போடுகிறேன். அவன் கை எப்போதும் சுட்டிருக்கும், என் கை எப்போதும் இந்த மாதிரி ஜில்லென்றிருக்கும். அவ்வளவு குறுகலான சந்துக்குள் வெப்பமானியை நுழைக்க இடம் கிடையாது, அதனால் வாசலில் ஒரு துளை போட்டு அங்கே அழுத்தத்தைப் பார்க்கவேண்டும், அழுத்தத்தை வைத்துத்தான் ஆவியின் சூட்டைச் சொல்லவேண்டும். ஆவிக்கும் சுவருக்கும் சூட்டில் வித்தியாசமே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் கொஞ்சம் தப்பினாலும் கடைசி விடை எங்கேயோ போய்விடும். எல்லாமே அந்த ஒரு துளையில் இருக்கிறது. இன்று நடப்பது ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் வைக்கிற கடைசிக் கருத்தரங்கு. முதல் வரிசையில் இருக்கிற அந்த மனிதர் தலையாட்டிவிட்டால் இசக்கியின் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், அந்த விடைகள் அவன் பேரில் அச்சாகும், அதற்கப்புறம் தப்போ சரியோ அவன் தலையில்தான். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒருவன் திரும்பச் செய்து பார்த்து, இந்த ஆளுடைய அளவு சுத்தத் தப்பு என்று எழுதுவான். இந்த ஆளு என்றுதான் எழுதுவான். என்னைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

முதல் வரிசை விட்டுவிட்டது. பரிசோதகர் எங்கள் பேராசிரியர் அருணகிரி சாரிடம் கொடுத்தார், சார் பார்க்காமலே பின்னால் நீட்டினார், சாருக்கு எதையும் பார்க்கும் பழக்கம் இல்லை, கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும்தான். இப்படி எரிந்து விழுகிறேனே, அவர் என்ன செய்தார், செய்தது நான். அன்றைக்கு இசக்கி என் மேஜைக்கு வந்தபோது கையில் டீ டம்ளர் இரண்டு வைத்திருந்தான், ஒன்றை என் பக்கம் நகர்த்தினான், அவன் ஏதாவது கேட்க வந்தால் டீயோடுதான் வருவான். "அக்கா, ஒரு சந்தேகம். சிரிக்கக்கூடாது." சிரிக்கல, சொல்லு என்றேன். "அழுத்தம் பாக்க வாசல்ல துளை போட்டேம்லா, அன்னைக்கு டிரில் பிட் மழுங்கி இருந்துச்சுக்கா. மாத்தியிருக்கணும், அவசரத்துல மாத்தாம போட்டுட்டேன். துளைக்கு உள்பக்கம் பிசிறு நிக்குமோன்னு ஒரே நெனப்பா இருக்கு. பிசிறு நின்னுச்சுன்னா அழுத்தம் தப்பா காட்டும், மொத்தமும் போச்சு." பார்க்க முடியாதா என்றேன். "மூடி வச்சுப் பத்தவச்சு ஒட்டியாச்சே, இனி எப்படிப் பாக்க? அறுத்துத்தான் பாக்கணும். அறுத்தா இந்தக் கட்டி அவ்வளவுதான், புதுசு செஞ்சு முதல்லருந்து எல்லாம். செய்யலாம்க்கா, நான் ஒண்ணும் மலைக்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. என் அளவைப் பாக்காம, உங்க கணக்கு தனியா என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா விட்டுருதேன். இல்லன்னா அறுத்துருதேன்." என் அளவைப் பாக்காம என்று சொன்னான். அதைச் சொல்லும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். அந்த டீயில் சர்க்கரை அதிகம்.

மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டதா, இல்லை, இரண்டாவதில்தான் இருக்கிறது, ஒரு பையன் அதைக் கையில் ஏந்தி எடை பார்க்கிறான். கணக்கு ஓடி முடிந்த அன்று வரைபடத்தில் என் கணக்கின் கோடு அவன் அளந்த புள்ளிகளுக்குக் கீழே கிடந்தது. நன்றாகவே கீழே. அப்போதே போன் செய்து, ராஜா, ஒத்துவரல, அறுத்துரு என்று சொல்லியிருக்கவேண்டும், ஒரே வாக்கியம், அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு. எங்கள் சமன்பாட்டில் ஒரு எண் இருக்கிறது. ஆவி எவ்வளவு அவசரமாகத் தண்ணீராகிறது என்பதற்கான எண். அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஒருவர் ஒன்று போடுகிறார், இன்னொருவர் லட்சம் போடுகிறார், இரண்டு பேருக்கும் கட்டுரை வருகிறது. சோதனையோடு ஒத்துவரும்வரை அந்த எண்ணை ஏற்றி இறக்குவதுதான் வழக்கம், ட்யூன் பண்ணு, ட்யூன் பண்ணு என்று சார் சொல்லித்தான் நாங்கள் எல்லாரும் பழகினோம், அதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது, கட்டுரையிலேயே எழுதுவோம். அதனால் நான் ஏற்றினேன். கை தானாகப் போனது. கோடு மெதுவாக எழும்பி அவன் புள்ளிகள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு அழகாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன், எனக்குள் ஒரு நிம்மதி, என் கட்டுரைக்கும் ஒரு பொருத்தம் தேவைப்பட்டது, யாருடைய சோதனையோடும் ஒட்டாத கணக்கை எந்தப் பத்திரிகையும் சீண்டாது, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் இசக்கியின் துளை என் ஞாபகத்திலேயே இல்லை. அப்படியா? இல்லவே இல்லையா? இருந்தது. ஒரு ஓரத்தில் இருந்தது. அவன் சாட்சி கேட்டு வந்தான், நான் அவன் வாயைப் பார்த்தே சாட்சி சொன்னேன். போனில் "பொருந்துது ராஜா" என்று மட்டும் சொன்னேன். "அக்கா, வயித்துல பால வாத்தீங்க" என்றான். மறுநாள் முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு பெட்டி கொண்டுவந்து என் கீபோர்டுமேல் வைத்தான். தேங்காய்ப்பால் வாசனை அந்த அறையைவிட்டுப் போகவே இல்லை, நான் மூன்று துண்டு தின்றேன், நன்றாக இருந்தது.

சின்ன வயதில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதும் இதைத்தான் செய்தேன். எங்கள் பங்குச்சாமியாருக்கு எந்தப் பாவத்துக்கு எவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு மனப்பாடம், அதற்குத் தகுந்தபடி என் பாவங்களைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுபோவேன், தம்பியைக் கிள்ளினேன், பூசையில் பேசினேன், அம்மாவிடம் பொய் சொன்னேன் என்று அளவாக. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லு போ என்பார். அந்த மூன்று வருகிற மாதிரிதான் நான் பாவத்தையே தயாரிப்பேன். உண்மையில் செய்தது எதையும் ஒருநாளும் சொன்னதில்லை, கூடப் படித்த சக்கரியாசின் பேனாவை எடுத்துக் கிணற்றில் போட்டதைச் சொல்லவே இல்லை. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி, கடவுள் எங்கள் இரண்டு பேருடைய பொருத்தத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். ஜெசிந்தா நல்ல பிள்ளை என்று சாமியார் அம்மாவிடம் சொன்னார். இசக்கியும் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான், ஜெசிந்தாக்கா இல்லன்னா என் கதி என்ன என்று. கேண்டீனில் வைத்துச் சொன்னான். அவன் கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைக்குப் போன் போட்டு என்னைப் பேசச் சொன்னான், அதுவும் அக்கா, இவரு பேச்செல்லாம் உங்க பேச்சுதான் என்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன், கட்டி முழுசாக இருக்கிறவரை பயமில்லை, இன்னொருமுறை சோதிக்கலாம், வேறொரு மானியை மாட்டிப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை அவன் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, அக்கா ஒரு சர்ப்ரைஸ் என்று மேடைக்கு ஓடியபோதுகூட எனக்குப் புரியவில்லை. அறுத்துவிட்டான். வேலை முடிந்தது, அளவு சரியென்று நான் சொல்லியாயிற்று, இனி இந்தக் கட்டி எதற்கு, எல்லாரும் பார்க்கட்டுமே என்று அறுத்துவிட்டான். சந்தேகம் இருந்தபோது அறுக்கத் தயங்கியவன், சந்தேகத்தை நான் எடுத்துவிட்டதும் சிரித்துக்கொண்டே அறுத்தான். அறுத்ததை உள்ளே தொட்டுப் பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றும்?

மூன்றாவது வரிசை. ஒரு பெண் துப்பட்டாவால் துடைத்துவிட்டுப் பார்க்கிறாள். துடைக்காதே அம்மா. துடைத்தால் என்ன, செம்புப் பிசிறு துப்பட்டாவில் போகுமா. இன்னொருவன் அதை மொபைலில் படம் எடுக்கிறான். யாரும் உள்ளே பார்க்கவில்லை, பார்த்தாலும் தெரியாது, அந்தத் துளை வாசல் அறையின் மேல்கூரையில் திறக்கிறது, விரலை உள்ளே விட்டு மேல்பக்கமாகத் தடவினால்தான் தெரியும். அது தெரிந்தவர்கள் இந்த அரங்கத்தில் இரண்டே பேர். ஒருவேளை பிசிறே இல்லாமல் இருக்கலாம். ஆமாம், ஏன் இருக்கவேண்டும், மழுங்கின பிட்டு என்றால் பிசிறு நின்றே ஆகவேண்டுமா, அவன் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி, வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன். பிசிறு இல்லை என்றால் அவன் அளவு சரி, நான் சொன்னதும் சரி, நான் செய்தது தப்பே இல்லை. மாதாவே, அப்படியே இருக்கட்டும். இது என்ன ஜெபம், யாருக்காக இந்த ஜெபம், அவனுக்காகவா? பூரணி முழங்கையால் இடித்தாள். "அக்கா, உங்க படம்!" என்றாள். திரையில் என் கோடும் அவன் புள்ளிகளும். ஒரு புள்ளிகூட விலகவில்லை. இசக்கி லேசர் ஒளியை அதன்மேல் ஓட்டியபடி, "எங்க அளவு சரியான்னு எனக்கே நடுவுல ஒரு சந்தேகம் வந்துச்சு. இதை மறைக்காம சொல்லிருதேன். அப்போ எங்க ஆய்வகத்துல ஜெசிந்தாக்கா, எங்க சோதனைக்குச் சம்பந்தமே இல்லாம, தனியா ஒரு கணக்குப் போட்டுப் பாத்தாங்க. இதுதான் அது" என்றான். முதல் வரிசையில் பரிசோதகர் திரும்பி என்னைத் தேடினார். சார் கையைக் காட்டினார். பரிசோதகர் புன்னகைத்தார், நானும் புன்னகைத்தேன், என் உதடு எப்படி விரிந்தது என்று தெரியவில்லை. மறைக்காமல் சொல்லிவிட்டான். அவன் வைத்திருந்த ஒரே ஒரு பயத்தையும் எல்லார் முன்னாலும் மேஜையில் வைத்துவிட்டான், அதன்மேல் என் பேரை எடுத்து வைத்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் குடித்தேன், பாட்டில் கையில் வழுக்கியது.

பூரணி அதை என் மடியில் வைத்தாள். இவ்வளவு கனமா. இத்தனை பேர் கை பட்டுச் சூடாக இருந்தது. அறுத்த முகம் புத்தம்புதிதாகப் பளபளத்தது, அதில் சந்து சன்னமான கீறல்போல நெடுகப் போனது, இந்தச் சந்துக்குள்தான் நான் வருஷக்கணக்காகக் குடியிருந்தேன், ஒருநாளும் கையில் தொட்டதில்லை. இந்த ஓரத்தில் வாசல் அறை, விரல்நுனி நுழைகிற அளவுக்கு. தொடாமல் அடுத்தவனிடம் கொடுத்துவிடலாம், எனக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு ஆள்தான், அப்புறம் அது மேடைக்குத் திரும்பிவிடும், அவன் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பான், யாரும் ஒருநாளும் விரல் விடமாட்டார்கள். சுண்டுவிரலை உள்ளே விட்டேன். மேலே தடவினேன். வழவழவென்றுதான் இருந்தது. துளையின் இந்த ஓரம், வழவழ. உயிர் திரும்பியது. நகத்தைத் திருப்பி அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனேன். மாட்டிக்கொண்டது. இழுத்தேன், நகம் வரவில்லை, பின்னால் தள்ளித்தான் எடுக்கமுடிந்தது. மறுபடி விட்டேன். மறுபடி மாட்டியது. அறுக்கும்போது வந்திருக்கும், வாள் போன வழியில் வந்த பிசிறு, அப்படித்தான் இருக்கும் என்று துண்டைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வாள் அந்தப் பக்கம் போகவே இல்லை. உள்ளே ஒரு சின்ன உதடுபோல வளைந்து நின்றது. அறுத்த செம்பு பளபளவென்று இருக்க, அது மட்டும் கறுத்துப்போய் இருந்தது, இத்தனை நாளும் ஆவி பட்டுப் பட்டுக் கறுத்த கறுப்பு.

இசக்கி பேச்சை நிறுத்தியிருந்தான். நிமிர்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான். மைக் அதை நான்கு மூலையிலிருந்தும் சொன்னது. "தட்டுதா?"

இல்லை என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. அதற்கு ஒத்திகையே தேவையில்லை.

"தட்டுது, ராஜா" என்றேன்.

அவன் மேடையிலிருந்து இறங்கினான். சார் ஏதோ கேட்டார், அவன் காதில் விழவில்லை. வரிசைக்குள் காலை மடக்கியவர்களைத் தாண்டி வந்து என் கையிலிருந்து துண்டை வாங்கினான், தன் விரலை விட்டுப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கண்ணைத் திறந்தபோது, சத்தியமாக, அவன் முகத்தில் ஒரு சிறு சந்தோஷம் இருந்தது. "நான் அப்பமே சொன்னேம்லாக்கா, பிட்டு மழுங்கி இருந்துச்சுன்னு" என்றான். பிறகு திரையைத் திரும்பிப் பார்த்தான். என் கோடு இன்னும் அங்கேயே அவன் புள்ளிகள்மேல் உட்கார்ந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பம் உங்க கணக்கு எப்படிக்கா ஒத்துப்போச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற அதே குரல். முதல் வரிசையில் எல்லாரும் திரும்பியிருந்தார்கள். அவன் என் பக்கம் குனிந்து கேட்டதால் அவன் காலர் மைக் என் வாயருகே இருந்தது.

"உன் புள்ளியைப் பாத்துத்தான் போட்டேன்" என்றேன். என் குரல் அரங்கத்தின் நான்கு மூலையிலிருந்தும் என்னிடம் திரும்பி வந்தது.